எலும்பு ஸ்கேனும் எச்சக் கருத்தளவையும்

மணிமேகலையின் ‘சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை’யில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கின்றான். அவற்றுள் கருத்தளவை பொது, எச்சம், முதல் என மூவகைப்படும். ஆற்றில் வெள்ளம் வரக்கண்டு, தலைநிலத்தில் மழை பெய்தது எனத் துணிதல் எச்சமாகும். காரியங் கண்டு காரணம் உணரும் நெறி இது. புற்றுநோய் எலும்பிற் பரவியதா என அறிய இக்கால அணு மருத்துவம் கையாளும் எலும்பு ஸ்கேன் இந்நெறியின் பாற்பட்டதே. அதனைக் காட்சியளவை எனப் பிறழக் கொள்ளின், அப்பிழை நோயாளியின் வாழ்வையே தாக்கும். ஆதலின் அதன் இயல்பினை ஈண்டு ஆராய்வாம்.

எக்ஸ்ரேயில் கதிர் புறத்தே தோன்றி உடலை ஊடுருவிச் செல்கின்றது. எலும்பு ஸ்கேனிலோ கதிர் உடலினுள்ளிருந்தே புறப்படுகின்றது. டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருளைப் பாஸ்பேட்டு இனத்ததாகிய ஒரு சேர்மத்தோடு பிணைத்து நரம்பின் வழியே செலுத்துவர். இரண்டு முதல் நான்கு மணி நேரத்துள் அதன் ஒரு பகுதி எலும்பின் கால்சியப் பளிங்குகளிற் படியும். எஞ்சியதிற் பெரும்பகுதி சிறுநீரோடு நீங்கும். நோயாளியை நீர் மிகுதியும் பருகுமாறு பணிப்பது இதுபற்றியே. பின்னர்க் காமா கேமரா தலைமுதல் கால்வரை எலும்புக்கூடு முழுவதையும் படமாக்கும்.

இத்தனிமத்தின் பெயர் ஆராய்தற்குரியது. இயற்கையிற் பெரிதும் கிடைக்காத இதனை 1937-இல் இத்தாலியில் பெரியர், செக்ரே என்னும் இருவர் கண்டறிந்தனர். ‘செயற்கையானது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பெயர் அமைந்தது. இதன் அரைவாழ்வு 6 மணி நேரம். ஒரு நாள் கழியின் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். ஆகவே இதனைத் தொலைவினின்று கொணர்ந்து சேமித்தல் அரிது. 66 மணி நேர அரைவாழ்வுடைய மாலிப்டினம்-99 அடங்கிய கலத்தை மருத்துவமனையில் வைத்து, அதனுள் தோன்றும் டெக்னீசியத்தை நாடோறும் பிரித்தெடுப்பர். அத்துறையினர் அக்கலத்தைப் பசு என்றும், அச்செயலைக் கறத்தல் என்றும் வழங்குவது சுவையான உருவக வழக்காகும்.

இதற்கு முன்னர்ப் பயன்பட்ட ஸ்ட்ரான்சியம்-85-இன் அரைவாழ்வு ஏறத்தாழ 65 நாள். எனவே நோயாளிக்குச் சிறிதளவே தர இயன்றது, படமும் தெளிவுறவில்லை. நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரிற் பணியாற்றிய கோபால் சுப்பிரமணியனும் மக்காஃபியும் 1971-இல் டெக்னீசியத்தைப் பாலிபாஸ்பேட்டோடு இணைத்து எலும்பைப் படமாக்கும் நெறியை வெளியிட்டனர். 1975-இல் சுப்பிரமணியன் குழுவினர் அறிவித்த மெதிலீன் டைபாஸ்பொனேட்டு இன்றும் உலகெங்கும் பயன்பட்டு வருகின்றது.

இனி, அப்படம் காட்டுவது யாது? புற்றணுவை அன்று. புற்றணு எலும்பிற் புகுந்து கேடு விளைக்க, எலும்பாக்கும் உயிரணுக்கள் அவ்விடத்தைச் செப்பனிட முற்படுகின்றன. அங்குக் குருதியோட்டமும் புதிய எலும்பாக்கமும் மிகுதலின் மருந்தும் மிகுதியாகப் படிகின்றது. படத்தில் அவ்விடம் கரும்புள்ளியாகத் தோன்றும். எலும்பின் தாதுப்பொருள் 30 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தாலன்றி எக்ஸ்ரேயில் சிதைவு புலப்படுதல் அரிது. ஸ்கேனோ அதற்குப் பல திங்கள் முன்னரே உணர்த்தவல்லது. மார்பகப் புற்று, ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்று ஆகியவற்றில் இது பெரிதும் பயன்படுவதன் காரணம் இதுவே.

எனினும், மழையின்றியும் அணை திறப்பின் ஆற்றில் வெள்ளம் வரும். திருப்பெரும்பூதூரை அடுத்த தண்டலத்தை எண்ணுக. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை மேல் அமைந்த அவ்வூரில் சவீதா மருத்துவக் கல்லூரி உளது. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை முதலிய ஆலைப் பகுதிகளும் அணித்தே உள. இத்தகைய ஊரில் பல்லாண்டு சுமை தூக்கித் தேய்ந்த முதுகெலும்பும், சாலை விபத்தில் முறிந்து கூடிவரும் விலாவும், கீல்வாதமுற்ற முழங்காலும் ஸ்கேனிற் கரும்புள்ளிகளாகவே தோன்றும். அடுத்தடுத்த விலாக்களில் ஒரே வரிசையாக அமைந்த புள்ளிகள் முறிவையும், முதுகெலும்பு, இடுப்பு, விலா எனப் பலவிடத்தும் ஒழுங்கின்றிச் சிதறியவை புற்றின் பரவலையும் பெரும்பாலும் உணர்த்தும். ஐயமுறுவழிச் சிடி, எம்ஆர்ஐ படங்களும், வேண்டுமாயின் திசு ஆய்வும் கொண்டே துணிவர். ‘முன்பு எங்கேனும் அடிபட்டதா?’ என மருத்துவர் வினவுவது அளவைநெறிப்பட்ட வினாவாகும்.

மறுதலையும் உண்டு. பல்கிய மையலோமா என்னும் மச்சைப் புற்றில் எலும்பு கரைந்தும் செப்பனிடும் முயற்சி எழாமையின் ஸ்கேன் தூயதெனத் தோன்றக்கூடும். மற்றொன்று, மருத்துவம் தொடங்கிய முதற்சில திங்களில் எலும்பு குணமடைந்து வருதலாலேயே புள்ளிகள் மேலும் கருத்துத் தோன்றலாம். நலம் பெறுவதன் அறிகுறியை நோய் முற்றியதாகக் கொண்டு பயன்தரும் மருந்தை நிறுத்துதல் பெருங்கேடாம்.

சொல்லாட்சியிலும் இக்கவனம் வேண்டும். மார்பகத்தினின்று எலும்பிற் பரவிய நோயை ‘எலும்புப் புற்றுநோய்’ என வழங்குதல் பொருந்தாது. அப்பெயர் எலும்பிலேயே தோன்றும் வேறொரு நோய்க்கு உரியது. பரவிய நோய்க்கு அது தோன்றிய உறுப்பை ஒட்டியே மருந்து அமையும். ‘எலும்பிற் பரவிய மார்பகப் புற்று’ என்பதே பொருளுக்கு இயைந்த பெயர். அங்ஙனமே, ‘மருந்து மிகுதியாகப் படிந்துள்ளது’ என்னும் அறிக்கைத் தொடரைப் ‘புற்று உள்ளது’ எனப் பெயர்த்தல், ஏதுவையே முடிபாகக் கூறும் குற்றமாம்.

புராஸ்டேட் புற்றணுவின் மேற்பரப்பிலுள்ள புரதத்தையே நாடிச்சென்று பற்றும் மருந்தினைக் கொண்ட பெட் ஸ்கேன் இந்நூற்றாண்டில் வளர்ந்துள்ளது. அது காரணத்திற்கு மேலும் அணுகிச் செல்வது. ஆயினும் வேறு சில திசுக்களிலும் அம்மருந்து படிதலின், ஆண்டும் கருத்தளவை முற்றும் ஒழியவில்லை. ஆகவே, கரும்புள்ளி ஏதுவே யன்றி முடிபன்று என்பதும், அதனை முடிபாக்குவது நோயாளியின் வரலாறும் பிற சோதனைகளும் கூடிய ஆராய்ச்சியே என்பதும் இதுகாறும் கூறியவாற்றாற் பெறப்படும்.