கைப்பிடிக்கு முன்னால் சுவர்

குளியலறையில் கால் வழுக்கினால் கை தானாக எதையாவது பிடிக்கப் போகும். பல வீடுகளில் அப்போது கிடைப்பது துண்டு போடும் கம்பிதான். ஆள் எடைக்கு அது தாங்காது. அதனால் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஸ்டீல் கைப்பிடி வாங்கி மாட்டுகிறோம். அது எந்தச் சுவரில் உட்காரப்போகிறது என்பதைத்தான் கேட்பதில்லை.

அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட விதிகள், கைப்பிடி 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ எடையின் இழுப்பைத் தாங்க வேண்டும் என்கின்றன. கம்பி, ஸ்க்ரூ, பின்னால் இருக்கும் சுவர் மூன்றுக்கும் அதே கணக்கு.

நம் வீட்டுச் சுவரைப் பார்ப்போம். டைல் 8 மி.மீ., அதன் பின்னால் கலவை 10, பூச்சு 12. ஆக, 30 மி.மீ. இதிலேயே போய்விடுகிறது. 50 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் செங்கலைப் பிடிப்பது வெறும் 20 மி.மீ. செங்கலுக்குள்ளேயே 50 மி.மீ.க்குக் குறையாமல் இறங்கும் ஆங்கர் போல்ட் வேண்டும். ஹாலோ பிளாக்கில் போல்ட் வெற்றிடத்தில் போய் நிற்கும். ஏஏசி எனப்படும் இலகு கான்கிரீட் பிளாக் ஆணியால் கீறினாலே உதிரும். விரிந்து பிடிக்கும் போல்ட்டை முறுக்கினால் சுற்றிலும் நொறுங்கும்.

பழைய டைல்ஸை உடைத்தெடுத்திருக்கும் நாட்களில் இதற்கு வழி இருக்கிறது. கைப்பிடி வரும் இடத்தில் மூன்றடி நீளம், ஓரடி உயரத்துக்கு பிளாக்கை எடுத்துவிட்டு, கம்பி வைத்து முழுக் கனத்துக்கும் கான்கிரீட் போட்டு, ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். பாரம் தாங்கும் சுவர் என்றால் இன்ஜினியரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது. பூசுவதற்கு முன் டேப்பை விரித்து வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பைப்பும் வயரும் எங்கே ஓடுகின்றன என்பது பின்னால் ட்ரில் போடும்போது தெரிய வேண்டும். அந்த இடத்து டைல்ஸுக்குப் பின்னால் கலவை முழுவதும் நிரம்பியிருக்கட்டும். தட்டினால் பொத்தென்று கேட்கும் டைல், போல்ட்டை இறுக்கும்போதே விரிசல் விடும்.

அந்த அமெரிக்க விதிகளின்படி கைப்பிடியின் உயரம் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம். சுவருக்கும் கம்பிக்கும் இடையே ஒன்றரை அங்குலம். இடைவெளி கூடினால் விழும்போது முழங்கை உள்ளே மாட்டிக்கொள்ளும். டாய்லெட் அருகே கைப்பிடியின் இடத்தை, அதைப் பிடிக்கப்போகிறவரையே உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்துக் குறிப்பதுதான் சரி.

வீட்டில் இன்றைக்கு யாருக்கும் கைப்பிடி தேவையில்லாமல் இருக்கலாம். ஆனாலும் டைல்ஸ் மாற்றுகிறீர்கள் என்றால், இந்தக் கான்கிரீட்டை மட்டும் இப்போதே போட்டுவிடச் சொல்லுங்கள்.