பொய்க்காலுக்கும் தொடுவுணர்வு

அசையாமல் நிற்பவர் என்று உலகில் எவரும் இலர். நிமிர்ந்து நேராக நிற்கும்போதும் நம் உடல் முன்னும் பின்னும் ஓயாது சிறிதளவு ஆடிக்கொண்டேயிருக்கிறது. அவ்வாட்டம் எல்லை மீறுமுன் அதைத் திருத்திக்கொண்டேயிருப்பதைத்தான் நிற்பது என்கிறோம். இத்திருத்தத்திற்கு வேண்டிய செய்திகள் மூளைக்கு மூன்று வழிகளில் வருகின்றன. கண் ஒன்று, உட்செவியில் அமைந்த சமநிலை உறுப்பு மற்றொன்று, உள்ளங்காலின் தோலும் காலின் தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் உணர்ச்சி மூன்றாவது.

மூன்றாவது வழியின் அருமை அது அடைபட்ட பிறகே விளங்கும். 19ஆம் நூற்றாண்டில் பெர்லின் நகரத்து மருத்துவர் ரோம்பெர்க், முதுகுத்தண்டு நோயினால் கால்களில் உணர்ச்சி குன்றியவர்களைக் கூர்ந்து கவனித்தார். கண் திறந்திருந்தவரை அவர்கள் நின்றார்கள். கண்ணை மூடியதும் தள்ளாடினார்கள். காலில் வலிமை இருந்தது. தரையைப் பற்றிய செய்திதான் வரவில்லை.

செயற்கைக் கால் பொருத்திக்கொண்டவரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. அக்கால் உடலைத் தாங்கும். ஆனால், தான் மிதித்தது மேடா பள்ளமா, பாரம் குதிகாலில் விழுகிறதா விரல்களில் விழுகிறதா என்று சொல்லாது. எஞ்சிய காலைப் பொதிந்து பிடிக்கும் உறையின் அழுத்தத்திலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். மற்றதற்கெல்லாம் கண்ணே துணை. ஆகவே அவர் குனிந்து பாதத்தைப் பார்த்தே நடக்கிறார். இருட்டில், ஈரமான குளியலறையில், பாதமே தெரியாத ரயில் நிலைய நெரிசலில் அத்துணையும் போய்விடுகிறது. கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்தில் கால் இழந்தோரிடையே நடத்தி 2001இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டில் ஒரு முறையேனும் விழுந்திருந்தனர் என்று தெரிந்தது. விழுவதைக் காட்டிலும் விழுவோமோ என்ற அச்சம் கொடியது. அதுவே பலரை வீட்டோடு முடக்கிவிடுகிறது.

தஞ்சைப் பக்கத்துப் பொய்க்கால் குதிரைக்காரர் மரக்கட்டையின் மேல் நின்று துள்ளி ஆடுகிறாரே, அவர் விழவில்லையே என்று நேயர்கள் வினவலாம். அவருடைய உள்ளங்கால் கட்டையின்மேல் பதிந்திருக்கிறது. தரையின் தன்மை கட்டை வழியே காலுக்கு எட்டுகிறது. பார்வையற்றவர் கைக்கோலின் நுனியால் பாதையை அறிவதும் இவ்வாறே. மரமாயினும் கம்பியாயினும், மறுமுனையில் உயிருள்ள தோல் இருந்தால் செய்தி வந்து சேரும்.

அச்செய்தி பாதத்தின் வழியாகத்தான் வரவேண்டும் என்பதும் இல்லை. 1994இல் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெகா, லாக்னர் என்ற இரு விஞ்ஞானிகள் ஓர் எளிய பரிசோதனையை வெளியிட்டனர். ஒரு காலின் முன் மறு காலை வரிசையாக வைத்து, கண்ணை மூடி நிற்பவர், பக்கத்திலிருந்த ஒரு கம்பியை விரல் நுனியால் மட்டும் தொடலாம். சுமார் 100 கிராம் எடைக்கு மேல் அழுத்தினால் மணி ஒலிக்கும். இத்தனை மெல்லிய தொடுகை உடலைத் தாங்க ஒரு சிறிதும் போதாது. ஆயினும் உடலின் ஆட்டம் வெகுவாகக் குறைந்தது. விரல் தந்தது ஊன்றுகோல் அன்று, தகவல்.

பொய்க்காலுக்குத் தொடுவுணர்வு தர முயல்வோர் கைக்கொண்டதும் இத்தத்துவமே. பாதத்தின் அடியில் அழுத்தத்தை அளக்கும் உணரிகளை வைத்து, அவை அறிந்ததை உணர்ச்சியுள்ள வேறோர் இடத்திற்கு அனுப்புகிறார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் 2008ஆம் ஆண்டளவில், தொடையைச் சுற்றிய ஒரு பட்டையில் சிறு சிலிகோன் பலூன்களை அமைத்தனர். பாதத்தில் பாரம் மாறுவதற்கேற்பப் பலூன்கள் காற்றால் புடைத்துத் தொடையை அழுத்தும். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தைச் சேர்ந்த பேராசிரியர் எக்கர் 2015இல் காட்டிய கால் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பாதத்திற்குரிய நரம்பின் முனைகளை அறுவை மருத்துவர்கள் எஞ்சிய காலின் தோலருகே கொண்டுவந்து பதித்தனர். பாதத்தடியில் ஆறு உணரிகள். தோலின்மேல் அதிர்வுக் கருவிகள். அதை முதலில் அணிந்தவரால், தாம் மிதிப்பது புல்லா சரளையா என்று சொல்ல முடிந்தது.

சூரிக் நகர ஆராய்ச்சியாளர்கள் பெல்கிரேட் மருத்துவர்களுடன் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், முழங்காலுக்கு மேல் காலிழந்த இருவரின் தொடையிலுள்ள நரம்பினுள்ளேயே மின்முனைகள் பொருத்தப்பட்டன. பாதமும் செயற்கை முழங்காலும் தரும் செய்தி மின்துடிப்பாக நரம்பில் இறங்கியது. மணலில் அவர்கள் முன்னினும் விரைந்து நடந்தார்கள். நடக்கையில் செலவாகும் பிராணவாயு குறைந்தது. இல்லாத காலில் எழும் வேதனையும் தணிந்தது. பிட்ஸ்பர்க் நகரில் மூவருக்கு முதுகுத்தண்டின் அருகே மின்முனை செலுத்தி இதே வழியில் முயன்ற ஆய்வு 2023இல் வெளியாயிற்று. சர்க்கரை நோயால் நரம்பு நலிந்தோர்க்கும் அம்முறை பயன்படும் என்று காட்டியதே அதன் சிறப்பு.

இருவர், மூவர் என்ற எண்ணிக்கையை நேயர்கள் கவனித்திருப்பர். இவை ஆராய்ச்சிக் கூடத்தின் வெற்றிகள். கடைக்கு வந்த சரக்குகள் அல்ல. நரம்பினுள் வைக்கும் மின்முனைக்கு அறுவை சிகிச்சை வேண்டும். தோலின்மேல் வைக்கும் அதிர்வியோ மலிவானது. ஆனால் ஓயாத அதிர்வுக்குத் தோல் பழகி மரத்துவிடும். செய்தி சிறிது தாமதித்து வந்தாலும் பயனில்லை. விழுந்தபின் வரும் எச்சரிக்கை யாருக்கு வேண்டும்?

நம் நாட்டில் பெரும்பாலோர் அறிந்தது ஜெய்ப்பூர்க் கால். 1968ஆம் ஆண்டளவில் சவாய் மான்சிங் மருத்துவமனையில் டாக்டர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கியது. செருப்பின்றி நடக்கவும், குந்தவும், சப்பணமிட்டு அமரவும், வயற்சேற்றில் இறங்கவும் அது இடந்தருகிறது. உணரியும் மின்கலமும் அச்சேற்றுக்கும் மழைக்கும் தாக்குப்பிடித்தாலன்றி இந்தியக் காலில் இடம்பெறா. அதுவரை, மாடிப்படியின் கைப்பிடியை இறுகப் பற்றத் தேவையில்லாதபோதும் அதன்மேல் ஒரு விரலை ஓடவிடுவது வீண்வேலை அன்று.

இன்னொன்று. எந்தக் காலாயினும் அது செவ்வையாக அமைவது, அணிபவர் தாம் உணர்வதைத் திருத்தமாகச் சொல்வதைப் பொறுத்தது. சூரிக், பிட்ஸ்பர்க் ஆராய்ச்சியாளர்களும்கூட, எந்த மின்துடிப்பு எந்த விரலில் தெரிகிறது என்று கேட்டுக் கேட்டே கருவியை ஒழுங்குபடுத்தினர். ஜெய்ப்பூரிலோ தில்லியிலோ கால் பொருத்தச் செல்லும் நம்மவர் பலர், எல்லாவற்றிற்கும் "தர்த் ஹை", வலிக்கிறது, என்ற ஒன்றையே சொல்லி நிறுத்திவிடுகின்றனர். அதைக் கேட்கும் தொழிலாளிக்கு எங்கே செதுக்குவது, எங்கே தளர்த்துவது என்று தெரிவதில்லை. அழுத்தினால் "தப்தா ஹை". குத்தினால் "சுப்தா ஹை". உரசினால் "ரகட் லக்தீ ஹை". மரத்துப்போனால் "சுன் ஹோ ஜாதா ஹை". இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, இவற்றுள் பொருந்தியதைச் சொல்லலாம்.