ஆப்பு மட்டையும் கோணக் கணக்கும்

கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றித் தமிழாசிரியர் படிக்கும் பகுதியில் எழுதுவது பொருந்துமா என்னும் ஐயம் எனக்கும் எழுந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர்க்கு அது துரைமார் ஆட்டம். கித்தாக் காட்டை அடுத்துப் பசும்புல் வெட்டிய திடலில் வெள்ளைக்காரத் துரை பந்தை அடிப்பார். மட்டைப் பையைச் சுமந்துகொண்டு நம்மவர் பின்னே நடப்பார். நமக்கும் அவ்வாட்டத்துக்கும் உள்ள உறவு அவ்வளவே எனப் பலர் எண்ணுகின்றனர். ஆயினும் அப்பையைச் சுமந்தவர்களே திடலின் ஏற்ற இறக்கத்தையும் காற்றின் போக்கையும் துரைமாரைவிட நன்கு அறிந்திருந்தனர். ஆசியச் சுற்றுப் போட்டிகளில் மலேசியாவின் பெயரை விளங்கச் செய்த ம. இராமையா, பெ. குணசேகரன் ஆகிய தொழில்முறை ஆட்டக்காரர்கள் தமிழர்களே என்பதும் நினைக்கத்தக்கது.

பை சுமப்பவரை ஆங்கிலத்தில் என்னவென்று அழைப்பர் என்பது பலருக்கும் தெரியும். அச்சொல்லை அப்படியே ‘கேடி’ என எழுதினால் நம் பேச்சில் வேறு பொருள் வந்துவிடும். ஆதலின் பை சுமப்பவர் என்றே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னைக் காண வந்தார். அவருடைய தந்தையார், இப்போது எண்பதை நெருங்குபவர், ஈப்போவுக்கு அண்மையில் இருந்த ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். சனி ஞாயிறுகளில் பை சுமந்தவர். தோட்டத்தில் கித்தா போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய் வீடுகள் எழுந்தன. பேரனோ பதினேழு வயதில் நன்றாக ஆடுகிறான். மாநில அளவில் இளையோர் தேர்வுக்குப் போகவேண்டும் என்பது அவன் ஆசை. தந்தை லாரி ஓட்டுநர். புதிய மட்டை ஒன்றின் விலை அறுநூறு வெள்ளிக்கு மேல் ஆகிறது. கடைக்காரர் ஒருவர் மூன்று மட்டைகளைச் சேர்த்து வாங்கச் சொல்கிறார். “சார், மூன்று வாங்க வசதியில்லை. ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்குவது? கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்” என்றார் மாணவர். தமக்குத் தெரியாததையும் ஆசிரியர் அறிந்திருப்பார் என்னும் நம்பிக்கை தோட்டப் பள்ளியில் படித்தவர்களிடம் இன்னும் இருக்கிறது. அதனைக் காப்பாற்ற வேண்டியே இக்கணக்கில் இறங்கினேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். கோல்ஃப் மட்டையின் முகம் செங்குத்தாக இராது, பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். மட்டையின் தண்டுக்கும் முகத்துக்கும் இடையே உள்ள அக்கோணத்தைச் சாய்கோணம் எனலாம். சாய்கோணம் குறைந்த மட்டை பந்தைத் தாழ்வாகவும் நெடுந்தொலைவும் செலுத்தும். மிகுந்த மட்டை உயரமாகவும் குறைந்த தொலைவும் செலுத்தும். இரும்புத் தலை கொண்ட மட்டைகளை ‘அயன்’ என்பர். எண் கூடக் கூடச் சாய்கோணமும் கூடும். ஒன்பதாம் எண்ணுக்கு அப்பால் வருபவை ‘வெட்ஜ்’ எனப்படும் மட்டைகள். வெட்ஜ் என்றால் தமிழில் ஆப்பு. மரம் பிளக்க அடிக்கும் ஆப்பைப் போலவே இதன் தலையும் அடியில் தடித்து மேலே மெலிந்திருக்கும். ஆப்பு என்னும் நல்ல தமிழ்ச் சொல்லை இக்கால இளைஞர் வேறு பொருளில் வழங்குகின்றனர். அது பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆட்ட விதிப்படி ஒருவர் பதினான்கு மட்டைகளுக்கு மேல் பையில் வைத்தல் ஆகாது. அமெரிக்கச் சங்கம் 1938 ஆம் ஆண்டிலும் பிரிட்டனின் ஆட்சிக் குழு 1939 ஆம் ஆண்டிலும் இவ்வரம்பை ஏற்படுத்தின. எனவே கையில் பணம் இருந்தாலும் வேண்டிய மட்டும் ஆப்பு மட்டைகளை அடுக்கிவிட முடியாது. ஒன்று சேர்த்தால் வேறொன்றை எடுத்துவிட வேண்டும்.

பையனிடம் இரண்டு ஆப்பு மட்டைகள் இருந்தன. ஒன்றில் ‘பி’ என்னும் எழுத்து மட்டும் இருந்தது. பிச்சிங் வெட்ஜ் என்பதன் குறி. மற்றொன்று மணற்குழியிலிருந்து பந்தை எடுக்கும் சாண்ட் வெட்ஜ்; அதில் 56 என்று பொறித்திருந்தது. முதலாவதால் முழு வீச்சில் அடித்தால் பந்து 122 கெஜம் போய் விழுகிறது. இரண்டாவதால் 88 கெஜம். (கெஜத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கழித்தால் மீட்டர் கிடைக்கும்.) இடையே 34 கெஜ வெற்றிடம். பந்து குழிக்கு 105 கெஜத்தில் நின்றால் பையன் திகைக்கிறான். ‘பி’ மட்டையை மெல்ல ஓங்கினால் சில வேளை பந்து முன்னேயே விழுகிறது. சில வேளை எல்லை கடந்து நீரில் விழுகிறது. கிந்தாப் பள்ளத்தாக்கில் நீருக்குக் குறைவில்லை. பத்து காஜாவின் கிளியர்வாட்டர் திடலைப் பார்த்தவர் அறிவர். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைச் சுற்றியே அஃது அமைந்திருக்கிறது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். “வாத்தியாரே, எங்க காலத்திலே துரைக்கு ரெண்டே ரெண்டு வெட்ஜ்தான். நடுவுலே ஒண்ணு வேணும்னு யாரும் கேட்டதில்லே. மத்ததெல்லாம் கையிலே இருக்கு” என்றார். அனுபவமுள்ளவர் சொல்லைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் வீட்டில், ஊர் திரும்பிய துரை ஒருவர் விட்டுச் சென்ற பழைய மட்டைகள் சில இருந்தன. அவற்றைக் கொண்டுவரச் சொன்னேன். கரும்பலகையில் வரையும் பெரிய மரப் பாகைமானியையும் தூக்குக் குண்டையும் எடுத்துக்கொண்டேன். தண்டைத் தூக்குக் கயிற்றோடு ஒட்டி நிறுத்தி, பாகைமானியின் அடிக்கோட்டைக் கயிற்றின் வழியே பொருத்தி, முகம் எந்தப் பாகையில் நிற்கிறது என்று பார்த்தோம். ஒரு பாகை பிழை இருக்கலாம். நம் தேவைக்கு அது போதும்.

பெரியவரின் பழைய ‘பி’ மட்டை 51 பாகை காட்டியது. பழைய ஒன்பதாம் எண் 47. எட்டாம் எண் 43. பிறகு பையனின் புதிய ‘பி’ மட்டையை நிறுத்தினோம். அது 44 பாகை! பெயர்தான் பிச்சிங் வெட்ஜ். கோணத்தில் அது தாத்தா காலத்து எட்டாம் எண் அயனுக்கு ஒரு பாகையே கூடியது. ஆனால் மணற்குழி மட்டை மட்டும் அன்றும் இன்றும் 55, 56 பாகையிலேயே நிற்கிறது. மணலிலிருந்து பந்தைக் கிளப்பும் வேலை மாறவில்லை அன்றோ? ஆகவே பழைய நாளில் இரண்டு ஆப்புகளுக்கும் இடையே 5 பாகைதான் வேறுபாடு. இன்று 12 பாகை. பெரியவர் சொன்னதும் சரி. பேரன் திகைப்பதும் சரி.

மட்டை செய்வோர் ஏன் இப்படிக் கோணத்தைக் குறைத்தனர்? என்னுடைய ஏழாம் எண் உன்னுடையதைவிடத் தொலைவு போகிறது என்று சொல்லி விற்பதற்குத்தான் எனச் சிலர் குறை கூறுவர். அதில் உண்மை உண்டு. எனினும் முழு உண்மை அன்று. இக்கால மட்டைகளில் எடையைத் தலையின் அடிப்பகுதிக்கு இறக்கிவிட்டனர். அதனால் பந்து இயல்பாகவே உயர எழுகிறது. பழைய கோணத்தையே வைத்திருந்தால் மிகையாக உயர்ந்துவிடும்; அதைத் தாழ்த்தவும் கோணத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் பையன் ஒரு வினா எழுப்பினான். “சார், 45 பாகையில் எறிந்தால்தான் மிகுந்த தொலைவு போகும் என்று இயற்பியல் ஆசிரியர் சொன்னார். அப்படியென்றால் 44 பாகை மட்டைதானே எல்லாவற்றையும்விடத் தொலைவு போகவேண்டும்?” எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. இரண்டு நாள் கழித்தே அவனை அழைத்துச் சொன்னேன். ஆசிரியர்களுக்கு இது பயன்படும் ஆதலின் சற்று விரித்து எழுதுகிறேன்.

45 பாகைக் கணக்கு, எறியும் வேகம் எல்லாக் கோணத்திலும் ஒன்றே என்றும், காற்றே இல்லை என்றும் கொண்டு போட்ட கணக்கு. இங்கே இரண்டும் பொருந்தா. சாய்ந்த முகம் பந்தை நேராக மோதுவதில்லை, உரசிச் செல்கிறது. மோதலின் ஒரு பகுதி பந்தை முன்னே தள்ளுகிறது. மற்றொரு பகுதி அதைப் பின்னோக்கிச் சுழற்றுவதில் செலவாகிறது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களைக் கருவிகளால் அளந்த சராசரியைப் பாருங்கள். மணிக்கு 113 மைல் வேகத்தில் வரும் நெடுந்தொலைவு மட்டை பந்தை 167 மைல் வேகத்தில் அனுப்புகிறது. ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. 83 மைல் வேகத்தில் வரும் பிச்சிங் வெட்ஜ் 102 மைல் வேகமே தருகிறது. ஒன்றேகால் மடங்குகூட இல்லை. மேலும் 45 பாகை மட்டையால் அடித்த பந்து 45 பாகையில் கிளம்புவதும் இல்லை. கைகள் முன்னே சாய்வதாலும் உரசலாலும் அஃது ஏறத்தாழ 24 பாகையில்தான் கிளம்புகிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்றுகளுக்கு மேல் சுழல்வதால் காற்றில் தூக்கப்பட்டு உயர்ந்து, செங்குத்தாக இறங்கி, விழுந்த இடத்திலேயே நிற்கிறது. ஆப்பு மட்டையின் பயனே அதுதான். இயற்பியல் ஆசிரியர் சொன்னதில் பிழை இல்லை. வினாவில்தான் வேகம் மாறிவிட்டது என்று சொன்னேன். பையன் ஒத்துக்கொண்டான்.

இனி எந்த மட்டையை வாங்குவது என்பதற்கு வருவோம். கடைக்காரர் சொன்னது 52, 56, 60 என்னும் மூன்று. ‘பி’ மட்டை 48 பாகையாக இருந்த காலத்தில் இது அழகான வரிசை: 48, 52, 56, 60, படிக்கு நான்கு பாகை. பையனின் 44-க்கு அடுத்து 52 வைத்தால் முதற்படியே எட்டுப் பாகை ஆகிவிடும், ஓட்டை அடைபடாது. அவனிடம் 56 முன்னரே இருக்கிறது. ஒரே மட்டைதான் வாங்கலாம் எனின் 44-க்கும் 56-க்கும் நட்டநடுவே 50 பாகை. இதற்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை; ஆனால் ‘பி’ மட்டையின் கோணத்தை அளக்காமல் இவ்விடைக்கு வர முடியாது. எழுத்தை நம்பி வாங்கியிருந்தால் ஏமாந்திருப்போம். இடைப்பட்ட ஆப்புக்கு ஒரு நிறுவனம் ‘ஏ’ என்கிறது, மற்றொன்று ‘ஜி’ என்கிறது, வேறொன்று ‘யூ’ என்கிறது. பாகை எண் ஒன்றே நம்பத்தக்கது.

பழைய பொருள் விற்குமிடத்தில் 50 பாகை மட்டை ஒன்று கிடைத்தது. புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கு. பயிற்சித் திடலில் ஒவ்வொரு மட்டைக்கும் பத்துப் பந்து அடிக்கச் செய்தேன். மிகத் தொலைவு போன இரண்டையும் மிகக் குறைவாகப் போன இரண்டையும் தள்ளிவிட்டு, எஞ்சிய ஆறின் சராசரியைக் குறிப்பேட்டில் எழுதினோம். ஆட்டக்காரர் பலர் தம் மிகச் சிறந்த அடியையே தம் தொலைவு என்று சொல்லிக்கொள்வர்; அது தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வது. புதிய மட்டை 105 கெஜம் காட்டியது. 122, 105, 88. படிக்குப் பதினேழு. இன்னும் சற்றுப் பெரிய படிதான். ஆனால் தண்டில் ஓர் அங்குலம் கீழே பிடித்து அடித்தால் நாலைந்து கெஜம் குறையும். அவ்வாறு இடைவெளியைச் சற்றுக் குறைக்கலாம்.

எல்லார்க்கும் இதே விடை என்று கொள்ளல் ஆகாது. பாகைக்கு இத்தனை கெஜம் என்பது அடிப்பவர் வேகத்தைப் பொறுத்தது. ‘பி’ மட்டையால் 85 கெஜமே அடிக்கும் வயதான ஒருவருக்கு இதே 12 பாகை இடைவெளி 24 கெஜம்தான் ஆகும். நடுவே ஒன்று வைத்தால் அவருக்குத் தாராளம்; நான்கு ஆப்பு சுமப்பது வீண். வலுவாக அடிப்பவர்க்கே படிகள் நெருக்கமாக வேண்டும்.

88 கெஜத்துக்கு உட்பட்ட தொலைவுக்கு என்ன செய்வது? பையன் 60 பாகை மட்டைக்கு ஆசைப்பட்டான். டாம் கைட் 1980 ஆம் ஆண்டளவில் அதனைப் பையில் வைத்து வென்றது முதல் அதற்குப் பெருமதிப்பு. நான் வேண்டாம் என்றேன். அவ்வளவு சாய்ந்த முகம் சிறிது தவறினாலும் பந்தின் அடியில் வழுக்கிச் செல்லும். மாறாக, அமெரிக்க விண்வெளி ஆய்வு நிலையத்தில் பணியாற்றிப் பின் கோல்ஃப் ஆய்வில் இறங்கிய டேவ் பெல்ஸ் காட்டிய முறை ஒன்று உண்டு. இடக்கையைக் கடிகார முள்ளாகக் கொண்டு, ஏழரை மணி, ஒன்பது மணி, பத்தரை மணி என மூன்று அளவில் ஓங்குவது. மூன்று மட்டைக்கு மூன்று ஓங்கல் என ஒன்பது தொலைவுகள் கிடைக்கும். இதைச் சொன்னதும் பெரியவர், “அதைத்தான் கையிலே இருக்குன்னு சொன்னேன்” என்றார். மூன்று ஓங்கல்களையும் அவரே பேரனுக்குப் பழக்கிவிட்டார். என்னால் கற்பிக்க முடியாத பகுதி அது.

சாய்கோணத்தோடு மற்றொரு கோணமும் உண்டு. மட்டையின் அடிப்பாகம் தரையிலிருந்து பின்பக்கம் எவ்வளவு புடைத்திருக்கிறது என்பது. ஜீன் சராசன் என்னும் ஆட்டக்காரர், விமானம் மேலெழும்போது வால் தாழ்வதைக் கண்டு, தம் மட்டையின் அடியில் காரீயத்தைப் பற்றவைத்து அப்புடைப்பை உண்டாக்கினார் என்பர். அம்மட்டையோடு 1932 ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓபன் போட்டியை வென்றார். (ஈயப் பற்றுவைப்பில் வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கும், மாணவர்க்கு அவ்விரு சொற்களின் வேறுபாட்டை விளக்க இது நல்ல சான்று.) புடைப்பு இருந்தால் மட்டை மணலில் புதையாமல் சறுக்கி வெளிவரும். பேராக்கின் மழையில் ஊறிய மென்மையான தரைக்கும் மணற்குழிக்கும் 10 முதல் 14 பாகைப் புடைப்பு நன்று. வறண்டு இறுகிய தரையில் அது தரையில் மோதித் துள்ளும். அங்கே குறைந்ததே ஏற்றது. நாங்கள் வாங்கிய 50 பாகை மட்டையில் புடைப்பு எட்டு. முழு வீச்சுக்கே பெரிதும் பயன்படும் மட்டை ஆதலின் அது போதும்.

பையனுக்கு இன்னும் வளர்ச்சி நிற்கவில்லை. வலு கூடினால் மூன்று எண்களும் மாறும், இடைவெளியும் விரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மீண்டும் பத்துப் பந்து அடித்து அளக்கச் சொல்லியிருக்கிறேன். குறிப்பேடு இப்போது அவன் தாத்தாவிடம் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் அவர், எண்களை மட்டும் தடையின்றிப் படிக்கிறார்.