ஐம்பத்தொரு நாள் படை

ஜொகூர் பாரு கடற்கரையில் நின்று பார்த்தால், தெப்ராவ் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் தெளிவாகத் தெரியும். இடையில் உள்ள தூரம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். 1942 பிப்ரவரித் தொடக்கத்தில் இந்தக் கரையில் ஜப்பானியப் படை குவிந்திருந்தது. அதன் தளபதி யமாஷிதா புக்கிட் செரீன் அரண்மனைக் கோபுரத்திலிருந்து எதிர்க்கரையை நோட்டமிட்டார். அந்தக் கரையைக் காத்து நின்றவர்களுள் கடைக்காரர்களும் மாணவர்களும் கூலித் தொழிலாளர்களும் இருந்தனர். அவர்களின் படைக்கு 'டால்ஃபோர்ஸ்' என்று பெயர்.

ஜப்பானியர் 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் தரையிறங்கினர். பிரிட்டிஷ் படை தெற்கு நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வந்தது. சீனாவில் 1937 முதல் நடந்த போரால் ஜப்பானியர்மீது கொதித்திருந்த உள்ளூர்ச் சீனர்கள், தங்களுக்கும் துப்பாக்கி தருமாறு கேட்டனர். டிசம்பர் 25இல் இத்தொண்டர் படை உருவானது. இதை அமைத்த ஜான் டேலி என்ற காவல்துறை அதிகாரியின் பெயரே படைக்கும் அமைந்தது. கம்யூனிஸ்டுகளைக் கண்காணிக்கும் பிரிவில் பணியாற்றியவர் அவர். சிறையிலிருந்து விடுதலையான கம்யூனிஸ்டுகளையே இப்போது தம் படையில் சேர்த்துக்கொண்டார்! அவர்களின் அரசியல் எதிரிகளான கோமிந்தாங் ஆதரவாளர்களும் அதே படையில் சேர்ந்தனர்.

ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். பெண்களும் அவர்களுள் இருந்தனர். பயிற்சி சில நாள்களே நடந்தது. அரசாங்கம் ஆயுதங்களைத் தாமதமாகவும் குறைவாகவும் வழங்கியது. சிலருக்கு வேட்டைத் துப்பாக்கி கிடைத்தது. சிலர் பாராங்கத்தியுடன் களம் புகுந்தனர். பொதுமக்களை இவ்வளவு பிந்தி நம்பியது அரசாங்கத்தின் பெரும் பிழை என்றே சொல்ல வேண்டும்.

ஜனவரி 31இல் பிரிட்டிஷ் படை ஜொகூர் கடற்பாலத்தின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. ஆனால், எதிரி பாலத்தை நம்பியிருக்கவில்லை. பிப்ரவரி 8ஆம் நாள் இரவில் ஜப்பானிய வீரர்கள் ஜொகூர் கரையிலிருந்து சிறு படகுகளில் கடந்து, சாரிம்பூன் பகுதியில் இறங்கினர். டால்ஃபோர்ஸ் அணிகள் ஆஸ்திரேலிய வீரர்களோடு சேர்ந்து எதிர்த்துப் போரிட்டன. சதுப்பு நிலத்தில் பலர் மாண்டனர். புக்கிட் தீமாவில் செங் சியாங் ஹோ என்ற மூதாட்டி தம் கணவருடன் களத்தில் நின்றார். அவருக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

பிப்ரவரி 13இல் டேலி படையைக் கலைத்தார். இரண்டு நாளில் சிங்கப்பூர் சரணடைந்தது. டேலி பின்னர் போர்க்கைதியானார். தொண்டர்களோ சீருடையைக் கழற்றிவிட்டு மக்களோடு கலந்தனர். எனினும், சில நாள்களில் 'சூக் சிங்' எனப்படும் களையெடுப்புத் தொடங்கியது. ஜப்பானியர் சீன ஆண்களை வரிசையில் நிறுத்தி விசாரித்து, தொண்டர் படையினர் எனச் சந்தேகித்தோரையும் கொன்றனர். தப்பியவர்களுள் சிலர் நீரிணையைக் கடந்து மலாயாவுக்கு வந்தனர். இங்குள்ள காடுகளில் ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய மக்கள் படையில் இணைந்தனர்.