கொண்டை போட முடிகிறதா?

வேப்பந்தட்டைப் பக்கம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். களைவெட்டு, மூட்டை தூக்கல் என்று கழியும் ஊரில் தோள்வலிக்குப் பஞ்சமில்லை. ஐம்பதைத் தாண்டியவர் தோளைப் பிடித்தால், "தேய்மானம்தான்" என்று திண்ணையே தீர்ப்பு சொல்லிவிடும். அது பல நேரம் தப்பு.

தோள் மூட்டு, கரண்டியில் வைத்த எலுமிச்சம்பழம். மேற்கை எலும்பின் தலை பெரிது, அதைத் தாங்கும் குழி ஆழமற்றது. விழாமல் பிடித்திருப்பவை சுற்றியுள்ள தசைநாண்கள். முழங்காலைப் போல உடல் எடையைச் சுமக்காததால், இங்கே குருத்தெலும்புத் தேய்மானம் குறைவு.

நல்ல மருத்துவர் எக்ஸ்ரே எழுதுமுன் கேட்பார்: "கொண்டை போட முடியுதாம்மா? அந்தப் பக்கம் சாய்ஞ்சு படுக்க முடியுதா? வலி எங்கேன்னு ஒரு விரலால காட்டுங்க." விரல் தோளின் உச்சியைத் தொட்டால், காறை எலும்பின் முனை மூட்டில் கோளாறு இருக்கலாம். வலி முழங்கையைத் தாண்டி இறங்கி விரல் மரத்துப்போனால் கழுத்து நரம்பைப் பார்க்க வேண்டும். வேகமாக நடக்கையில் இடது தோளில் வலி வந்து வியர்த்தால், தோளை விட்டுவிட்டு உடனே ஈசிஜி.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்வார். பிறகு அவரே பிடித்துத் திருப்புவார். நோயாளியால் முடியாமல் மருத்துவர் கைக்குத் திரும்பினால் தசைநாண் கிழிசலைச் சந்தேகிக்கலாம். அவர் திருப்பியும் அசையவில்லையா? கோளாறு பெரும்பாலும் மூட்டுக்குள்ளேயேதான். ஒன்று தேய்மானம், இல்லையேல் சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும் 'ஃப்ரோசன் ஷோல்டர்' எனும் இறுகிய தோள். இரண்டையும் பிரிக்கத்தான் எக்ஸ்ரே. இறுகிய தோளில் படம் ஏறக்குறைய இயல்பாக இருக்கும். தேய்ந்ததில் எலும்புகளுக்கிடையே இடைவெளி சுருங்கி, மேற்கை எலும்புத் தலையின் கீழ் விளிம்பில் எலும்பு முளைத்திருக்கும். முன்பக்கப் படம் மட்டும் ஏமாற்றலாம், அக்குள் வழியே ஒன்றும் வேண்டும்.

பாதிப்பை அளக்க இங்கிலாந்து மருத்துவர்கள் கான்ஸ்டன்ட், மர்லி இருவரும் 1987இல் 100 மதிப்பெண் கணக்கு தந்தார்கள்: அசைவுக்கு 40, வலுவுக்கு 25, அன்றாட வேலைக்கு 20, வலிக்கு வெறும் 15. நம் பாட்டிமார் இதற்கு ஒப்புவார்களா என்பது சந்தேகமே.

நோயின் பெயர் மாறினால் வைத்தியமும் மாறும். இறுகிய தோள் ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலும் இளகிவிடும். தேய்மானம் என்று பயந்து கையை மடியிலேயே வைத்திருந்தால் இன்னும் இறுகும். உண்மையாகவே தேய்ந்து, மாத்திரைக்கும் பயிற்சிக்கும் வலி அடங்காதவர்களுக்குச் செயற்கை மூட்டு இருக்கிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் சார்ல்ஸ் நீர் அதன் பலன்களை 1974இலேயே எழுதிவிட்டார்.