முலாம் பூசின ஐம்பது சதம்

தொழிலாளர் கவனத்துக்கு: சாவகச்சேரிச் சந்தைப் பக்கம் யாராவது கடதாசியில் சுற்றின பழைய காசுக்கட்டை நீட்டி, "ஒருவரும் பிரித்துப் பார்க்கேல்லை, முழுக்க வெள்ளி ஐம்பது சதம்" என்றால், சம்பளக் காசை எடுக்க முன் கொஞ்சம் நில்லுங்கோ. இரண்டு நுனியிலும் தெரிவது நல்ல காசாய் இருக்கலாம், நடுவில் என்னவோ!

முதலில் ஆண்டைப் பாருங்கோ. எங்கள் ஐம்பது சதம் 1942 வரைதான் வெள்ளியில் வந்தது. 1943இல் அடித்தது நிக்கல் கலந்த பித்தளை, மஞ்சள் நிறம். 1943 போட்ட காசு வெள்ளையாய் மினுங்கினால் அது முலாம்தான். ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் கன்னம், காசின் விளிம்பு போன்ற தேயும் இடங்களில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். எழுத்து மழுங்கிப்போய், பளபளப்பு மட்டும் புதுசாய் இருந்தாலும் சந்தேகப்படுங்கோ. காந்தத்தை நம்ப வேண்டாம். வெள்ளியும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. கட்டைப் பிரித்துக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதேங்கோ.