கடைக்கு ஒரு குறியீடு

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை உண்டு. கைப்பேசிவழிச் செல்லும் பணத்திற்கு அவ்வெல்லை இல்லை. போன்பே, கூகுள் பே, பேடிஎம் ஆகியன தம்முள் போட்டியிடினும், இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016-இல் தொடங்கிய யூபிஐ என்னும் பொதுப்பாதையிலேயே பணத்தைச் செலுத்துகின்றன. ஒரு செயலிக்கு மட்டுமே உரிய க்யூஆர் குறியீடுகளைப் பொதுமுறைக்கு 2022 மார்ச் 31-க்குள் மாற்றுமாறு ரிசர்வ் வங்கி 2020 அக்டோபரில் பணித்தது. ஆகவே கடையில் எந்நிறுவனத்தின் அட்டை இருப்பினும் ஒன்றே போதும். எச்செயலி கொண்டும் பணம் செலுத்தலாம்.

போட்டி இப்பொழுது பேசும் பெட்டிக்கு மாறியுள்ளது. பணம் வந்ததைத் தமிழிலோ மலையாளத்திலோ அது உரக்க அறிவிக்கும்; தராசும் கையுமாக நிற்கும் வணிகருக்கு இது பேருதவியே. ஆயினும், தன் நிறுவனத்தின் குறியீட்டிற்கு வந்த தொகையை மட்டுமே அது கூறும். மாத வாடகையும் பெரும்பாலும் உண்டு. பெட்டியை ஏற்குமுன் அதனைக் கேட்டறியுமாறு சிறு வணிகர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.